பன்னிரண்டு குடித்தனமும் ஒரு குப்பைத் தொட்டியும்

ஒண்டுக் குடித்தனக் காலத்தில் சண்டை என்றால் அது குழாயடிச் சண்டைதான். யார் குடம் முன்னால், யார் வாளி பின்னால் என்று தொடங்கி, பாட்டனார் காலத்துக் கதைவரை போய்த்தான் ஓயும். இன்று அடுக்கு மாடி வீடுகள் வந்துவிட்டன. குழாய் அவரவர் சமையலறைக்குள் புகுந்துவிட்டது. கொடிக் கயிறும் அவரவர் பால்கனிக்குப் போய்விட்டது. பொதுவாக மிஞ்சியிருப்பவை மாடிப்படி, மொட்டை மாடி, குப்பைத் தொட்டி ஆகிய மூன்றுதான். முதல் இரண்டைப் பற்றி அசோஸியேஷன் கூட்டத்தில் காரசாரமாகப் பேசுகிறார்கள். மூன்றாவதன் பக்கம் வந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்!

கடைசியில் என்ன நடக்கிறது? செயலாளர் ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போகிறார். எண்ணெயோ ரசாயனமோ வந்த பழைய நீல டிரம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பேரம் பேசி வாங்கி வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார். அதற்கு மூடி கிடையாது, சக்கரமும் கிடையாது. முதல் மழைக்குப் பாதி டிரம் தண்ணீர். மூன்றாம் மாதம் எலி. "இந்த மாடிக்காரர்களே இப்படித்தான்!" என்று தரைத் தளத்து மாமி முணுமுணுக்க, "எங்கள் வீட்டுக் குப்பையில் பலாப்பழச் சக்கையே கிடையாது!" என்று மாடியிலிருந்து பதில் வருகிறது. பிறகென்ன? பழைய குழாயடிதான்.

சகோதரிகளே, ஒரு புடைவை வாங்க நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பன்னிரண்டு குடும்பங்கள் தினமும் தொட்டுப் புழங்குகிற ஒரு பொருளை ஏன் யோசிக்காமல் வாங்க வேண்டும்? தொட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாரீஸ் நகரத்து அதிகாரி

பல குடித்தனங்கள் உள்ள கட்டடத்துக்குத் தொட்டி வேண்டும் என்று முதன்முதலில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாம் அல்ல. பாரீஸ் நகரத்தில் 1883-ம் ஆண்டு யூஜேன் பூபெல் என்று ஓர் அதிகாரி இருந்தார். அதுவரை குடித்தனக்காரர்கள் குப்பையைத் தெருவில் கொட்டி வந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் மாதம் அவர் ஓர் உத்தரவு போட்டார். கட்டடத்தின் சொந்தக்காரர் தம் குடித்தனக்காரர்களுக்கு மூடியுள்ள தொட்டிகள் வாங்கித் தர வேண்டும். அதுவும் ஒன்று அல்ல, மூன்று. அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று. அளவு 40 முதல் 120 லிட்டர்வரை.

ஊரே அவர்மேல் பாய்ந்தது. வீட்டுக்காரர்கள் "செலவு!" என்றார்கள். காவல்காரர்கள் "வேலை!" என்றார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் வாயில் மண் விழுந்தது என்றார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. ஆத்திரத்தில் ஜனங்கள் அந்தத் தொட்டிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்! இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் 'பூபெல்' என்றுதான் பெயர். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கேலி செய்தாலும் அவர் சொன்னதில் இன்றுவரை மாறாத விஷயங்கள் மூன்று உண்டு. தொட்டிக்கு மூடி வேண்டும். வகைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஆளால் தூக்க முடிந்த அளவில் இருக்க வேண்டும்.

முதலில் கணக்கு, பிறகு கடை

"எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?" என்பதற்குக் கடைக்காரர் பதில் சொல்ல முடியாது. அதற்கான பதில் உங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 பேர். நம் நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ குப்பை என்று கணக்கிட்டால் அதிகம் தவறாது. ஆக 24 கிலோ. இதில் பாதிக்குமேல் காய்கறித் தோல், மிஞ்சிய சாதம், காப்பிப் பொடிச் சக்கை, வாடிய பூ போன்ற ஈரக் குப்பை. அதை 14 கிலோ என்று கொள்ளலாம். மீதியில் சுமார் 9 கிலோ காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், டப்பா போன்ற உலர் குப்பை. கடைசி ஒரு கிலோ தனி ஜாதி. அதைப் பிறகு பார்ப்போம்.

இனிமேல்தான் வேடிக்கை. ஈரக் குப்பை கனமானது, ஆனால் இடத்தை அடைக்காது. ஒரு லிட்டர் இடத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ அடங்கிவிடும். ஆகவே 14 கிலோவுக்கு 30 லிட்டர் போதும். ஒரு நாள் வண்டி வராவிட்டால் என்ன செய்வது என்று பார்த்தால் 60 லிட்டர். உலர் குப்பையோ காற்றைப்போல் லேசு, ஆனால் ஊரை அடைக்கும். ஒரு லிட்டர் இடத்தில் நூறு கிராம்கூட அடங்காது. 9 கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறைதான் எடுக்கிறார்கள் என்றால், நடுவில் நாலு நாள் சேரும், 400 லிட்டர்!

பாருங்கள், நாம் நினைத்ததற்கு நேர் எதிர். சமையலறைக் குப்பைக்குச் சின்னத் தொட்டி போதும். காகிதத்துக்கும் டப்பாவுக்கும்தான் பெரிய தொட்டி வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. ஈரக் குப்பைக்குப் பிரும்மாண்டமான டிரம். அட்டைப் பெட்டிகளோ மாடிப்படியின் கீழே மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கைக்குழந்தைகள் உள்ள கட்டடம் வேறு, ஆபீஸுக்குப் போய் வெளியில் சாப்பிடுகிறவர்கள் நிறைந்த கட்டடம் வேறு. ஒரு வாரம் தினமும் வாளியை நிறுத்துப் பாருங்கள். வாட்ச்மேனிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்கு தராசும் கொடுத்தால் போதும். அதிலும் தீபாவளி வாரத்தை அளந்துவிட்டு, "ஐயோ, இவ்வளவா!" என்று மலைக்காதீர்கள். பட்டாசுப் பெட்டியும் புதுத் துணி அட்டையும் வந்து சேரும் வாரம் அது. பொங்கலுக்குக் கரும்புச் சக்கை, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் பூசணிக்காயும், மே மாதத்துக்கு நுங்கு மட்டையும் மாங்கொட்டையும் என்று நம் பஞ்சாங்கம் குப்பையிலும் தெரியும். அந்த நாட்களுக்கென்று மடித்து வைக்கக்கூடிய இரண்டு சாக்குப் பைகள் வைத்துக்கொண்டால் போதும். அதற்காக வருஷம் முழுவதும் ராட்சதத் தொட்டி வேண்டியதில்லை.

ஐந்து மூட்டை அரிசி

"அதென்ன, பெரிதாக ஒன்று வாங்கினால் ஒரே வேலையாகப் போயிற்றே?" என்று கேட்பீர்கள்.

கடைகளில் சக்கரம் வைத்த தொட்டிகள் பெரும்பாலும் 120, 240 லிட்டர் அளவுகளில் கிடைக்கின்றன. 240 லிட்டர் தொட்டி ஏறக்குறைய மூன்றரை அடி உயரம் இருக்கும். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. அதில் ஈரக் குப்பையை வழிய நிரப்பினால் எடை என்ன? அரைக் கிலோ கணக்கில் 120 கிலோ! 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தை அடுக்கி, "தள்ளு" என்று ஒருவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் கேட்டுப் படியில் ஏற்றி இறக்கி?

தொட்டியை வாங்குகிறவர் ஒருவர், அதில் போடுகிறவர்கள் பலர், அதைத் தூக்குகிறவர் வேறொருவர் என்பதை மறந்துவிடுகிறோம். தூய்மைப் பணியாளர்களில் பெண்கள் ஏராளம். அவர்களுடைய இடுப்பும் நம் இடுப்புப் போலத்தான். ஆகையால் ஈரக் குப்பைக்கு 60 லிட்டர் தொட்டிகள் இரண்டு வாங்குங்கள். நிரம்பினாலும் 30 கிலோதான். இருவர் பிடித்தால் சுலபம். இன்னொரு சௌகரியமும் உண்டு. ஒன்று புழக்கத்தில் இருக்கும்போது மற்றொன்றைக் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய வைக்கலாம். நாற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

உலர் குப்பைக்கு 240 லிட்டர் தொட்டிகள் இரண்டு. எடை குறைவு, சக்கரமும் இருப்பதால் ஒரு கையால் உருட்டிவிடலாம்.

எப்படிப்பட்ட தொட்டி?

துணியைத் தடவிப் பார்த்து வாங்குவதுபோல் தொட்டியையும் பார்த்து வாங்க வேண்டும்.

மூடி உடம்போடு கீல் போட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். தனி மூடி ஒரு மாதத்தில் எங்கேயாவது போய்விடும். திறந்த தொட்டியில் ஈ முட்டையிட்டால், நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு. ஒரு வாரம் பத்து நாளில் புது ஈ. ஈரக் குப்பையைத் தினமும் அகற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய அடைப்பானோடு கூடிய துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கழுவிய தண்ணீரை ஊற்றத் தொட்டியைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். யாரும் புரட்ட மாட்டார்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடை நீரைத் தேடுவதைவிடத் தெளிந்து தேங்கிய தண்ணீரைத்தான் அதிகம் தேடுகிறது. மழையில் நிற்கும் காலித் தொட்டி, கவிழ்க்காத வாளி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கட்டடத்தில் ஒரு குழந்தைக்கு டெங்கு வந்த பிறகு தொட்டியைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பயனில்லை.

உட்புறம் வழவழப்பாக, மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மையான மூலையில் சாதம் ஒட்டிக்கொண்டால் துடைப்பம் போகாது. சக்கரம் ரப்பரில் இருந்தால் விடிகாலை ஐந்தரை மணிக்குக் கடகடவென்று உருட்டும்போது ஊர் விழித்துக்கொள்ளாது.

எந்தப் பொருளில் வாங்குவது? துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி பலமானதுதான். ஆனால் கடற்கரைக் காற்றும் புளித்த குழம்பும் சேர்ந்தால் துருப்பிடிக்க நேரம் ஆகாது. துருவின் விளிம்பு கையைக் கிழிக்கும். எவர்சில்வர் அழகு, ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகக் காயலான் கடைக்குப் போய்விடும் அபாயம் உண்டு! கெட்டியான, வெயிலைத் தாங்கும்படி தயாரித்த பிளாஸ்டிக் தொட்டிதான் பொதுவாகச் சரி. சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் வெயிலில் நின்றால் அப்பளம்போல் நொறுங்கும். வாங்கும்போது பக்கவாட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள்; உள்ளே போகக் கூடாது. வாயில் விரிசலோ கடிபட்ட ஓட்டையோ இருந்தால் எலிக்கு அழைப்புக் கடிதம் வைத்த மாதிரி.

எலி என்றதும் நியூயார்க் நினைவுக்கு வருகிறது. வானத்தை முட்டும் கட்டடங்கள் கட்டிய அந்த நகரத்தில், குப்பையைக் கறுப்புப் பைகளில் கட்டி நடைபாதையில் வைக்கும் வழக்கம் பல காலம் இருந்தது. எலிகளுக்கு ராஜ விருந்து! 2024-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி முதல், ஒன்பது குடித்தனங்கள்வரை உள்ள கட்டடங்கள் மூடியுள்ள தொட்டியில்தான் குப்பை வைக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. பூபெல் சொல்லி நூற்று நாற்பது வருஷம் கழித்து!

அந்தக் கடைசி ஒரு கிலோ

இனி, தனி ஜாதி என்று சொன்ன அந்த ஒரு கிலோ. அளவில் சின்னது, ஆபத்தில் பெரியது.

சானிடரி நாப்கினும் குழந்தைகளின் டயாபரும் ஒருபுறம். பேச வெட்கப்பட்டுக் காய்கறித் தோலுக்கு நடுவில் ஒளித்துப் போட்டுவிடுகிறோம். நம் வெட்கத்துக்கு இன்னொரு பெண்மணி வெறுங்கையால் விலை கொடுக்கிறாள். பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, காலால் அமுக்கித் திறக்கும் 30 லிட்டர் தொட்டியில் தனியாகப் போடுங்கள். கை படாது, கண்ணும் கூசாது.

உடைந்த கண்ணாடி, சவர பிளேடு, சர்க்கரை வியாதிக்காரர்களின் இன்சுலின் ஊசி ஆகியவை மறுபுறம். ஊசியை மூடி உள்ள கெட்டியான பாட்டிலில் சேர்த்து வையுங்கள். கண்ணாடியை அட்டையில் சுற்றி "கண்ணாடி" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. பழைய செல்போன் பாட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். காலாவதியான மருந்து, பூச்சி மருந்து டப்பா இவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி, சாவி வாட்ச்மேனிடம். மாதம் ஒருமுறை எடுத்துக் கொடுத்தால் போதும்.

இது நாமாகச் செய்கிற தர்மம் மட்டும் அல்ல, சட்டமும்கூட. 2016-ம் ஆண்டு மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் குப்பையை வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2026-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயாபர் போன்ற சுகாதாரக் குப்பை, தனிக் கவனம் வேண்டிய குப்பை. தினம் 100 கிலோ குப்பை சேரும் வளாகங்களுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். நம் கணக்குப்படி ஏறக்குறைய ஐம்பது வீடுகள் இருந்தாலே அந்த வரம்பு வந்துவிடும்.

"பிரித்துப் போட்டு என்ன லாபம்? எல்லாம் ஒரே இடத்துக்குத்தானே போகிறது!" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பெருங்குடியை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், பறவைகள் வந்து இறங்கும் பூமியில், பல வருஷம் குப்பையைக் கொட்டிக் குவித்தோம். 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்தக் குவியல் தீப்பற்றிக்கொண்டு, சுற்று வட்டாரமெல்லாம் புகையில் திணறியது. ஈரக் குப்பை காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது எரியும் வாயு உண்டாகிறது. காகிதமும் பிளாஸ்டிக்கும் கூடவே இருந்தால் விறகுக்குப் பஞ்சமா? இரண்டையும் சேர விடாமல் தடுக்கக்கூடிய முதல் இடம் நம் வீட்டுச் சமையலறைதான்.

எங்கே வைப்பது?

நல்ல தொட்டியைக் கெட்ட இடத்தில் வைத்தால் வாங்கிய பணம் வீண். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் வேண்டாம். மின்சார மீட்டர் பலகையின் கீழே காகிதத் தொட்டி கூடவே கூடாது. யாருடைய படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம். தரைத் தளத்துக்காரர்களும் மனுஷர்கள்தான். மாடிக்கு மாடி படிக்கட்டில் வைப்பதும் தப்பு. கசியும், வழியை அடைக்கும், அவசரத்தில் இடறிவிடும்.

மேலே ஒரு கூரை, கீழே சரிவான சிமெண்டுத் தரை, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழாய், இரவுக்கு ஒரு விளக்கு. இவை இருந்தால் போதும். விளக்கு முக்கியம். இருட்டில் யாரும் மூடியைத் திறந்து போட மாட்டார்கள், தூரத்திலிருந்து எறிவார்கள்!

ஈரத்துக்குப் பச்சை, உலர்ந்ததற்கு நீலம் என்று நிறம் பார்த்து வாங்குங்கள். நிறத்தோடு நிற்காமல் படமும் ஒட்டுங்கள். வேலைக்கு வரும் பெண்ணுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் புரிகிற மாதிரி, பச்சைத் தொட்டியில் கத்தரிக்காய், நீலத் தொட்டியில் பால் கவர்.

வீட்டுக்குள்ளே

கீழே எத்தனை நல்ல தொட்டி வைத்தாலும் வேலை தொடங்குவது அடுப்பங்கரையில்தான். ஐந்தாறு லிட்டர் பிடிக்கும் மூடி போட்ட வாளி ஒன்று, கொஞ்சம் பெரிய கூடை ஒன்று போதும். ரசத்தையும் மோரையும் வாளியில் கொட்டாதீர்கள். வடிகட்டிய பிறகு சக்கையை மட்டும் போடுங்கள். எடை குறையும், நாற்றமும் குறையும். வாளிக்குள் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகச் செய்தித்தாளை மடித்து விரியுங்கள். ஒரு முறை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியே தடை வந்துவிட்டது. பையில் கட்டிய ஈரக் குப்பை மக்கவும் மக்காது; அதை ஒருவர் கையால் பிரிக்க வேண்டியும் வரும்.

பால் கவரை அலசிக் காய வைத்தால் உலர் தொட்டியில் புளித்த வாடை இராது. நல்ல காகிதமும் பாட்டிலும் பழைய பேப்பர்காரருக்கு. அந்தக் காசை எல்லா வீட்டிலிருந்தும் ஓர் உண்டியலில் போட்டு வைத்தால், துடைப்பத்துக்கும் கையுறைக்கும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மொட்டை மாடியில் இடமும், கவனிக்க ஓர் ஆளும் இருந்தால், ஓட்டை போட்ட உயரமான தொட்டிகளில் ஈரக் குப்பையையும் காய்ந்த இலையையும் தேங்காய் நார்த்தூளையும் மாற்றி மாற்றிப் போட்டு எருவாக்கலாம். நிரம்பிய தொட்டி இரண்டு மாதத்தில் எருவாகிவிடும். கறிவேப்பிலைச் செடிக்கு அதைவிடச் சீதனம் வேறு ஏது? ஆனால் கவனிக்க ஆளில்லாமல் தொடங்காதீர்கள்.

செலவும் முறையும்

60 லிட்டரில் இரண்டு, 240 லிட்டரில் இரண்டு, காலால் திறப்பது ஒன்று, பூட்டுப் பெட்டி ஒன்று. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்க வேண்டியவை இவ்வளவுதான். செலவைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் ஒரு குடும்பம் ஹோட்டலுக்குப் போய் வருகிற செலவுக்குள் அடங்கிவிடும்.

தொட்டி கழுவுவதை வாட்ச்மேன் தலையில் சும்மா கட்டிவிடாதீர்கள். கூலி, கையுறை, நீண்ட பிடி வைத்த பிரஷ் ஆகியவற்றைக் கொடுத்துச் சொல்லுங்கள். வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து, மூடி சரியாக இருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். வாரம் பத்து நிமிஷ வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோஸியேஷன் கூட்டத்தில் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசி முடிந்ததும், இதை நீங்களே எடுத்து வையுங்கள். கேலி செய்வார்கள்; செய்யட்டும். பாரீஸில் பூபெல்லையும் கேலிதான் செய்தார்கள். உங்கள் பெயரைத் தொட்டிக்கு வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், மூடியை ஒழுங்காக மூடுவதாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுங்கள்!